ஏழாம் நம்பர் தறியும் பரிபூரணத்தின் டிரம்ஸும்

பரிபூரணம் டிரம்ஸ் வாசிக்கிறாள் என்று சொன்னால் ராஜபாளையத்தில் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். சத்திரப்பட்டி ரோட்டில் பேண்டேஜ் துணி நெய்யும் ஷெட்டில் தறி பார்க்கிறவள். ஆறாம் வகுப்புப் படிக்கிற மகள் இருக்கிறாள், லோடு வேன் ஓட்டுகிற புருஷன் இருக்கிறார். இதில் டிரம்ஸ் எங்கிருந்து வந்தது? வந்தது, அவ்வளவுதான். முப்பத்து நாலு வயதில் ஒருத்திக்கு ஓர் ஆசை வந்தால் அதற்கு ஊரைக் கேட்டுக் கையெழுத்தா வாங்க முடியும்?

ஆசை வந்த வழி இதுதான். தறி ஷெட்டை ஒட்டி ஒரு குடோன் உண்டு. நெய்து முடித்த துணிக் கட்டுகளைக் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருப்பார்கள். 'பஞ்சுமூட்டை' என்று பேர் வைத்துக்கொண்ட ஒரு பாட்டுக் குழு சாயங்காலங்களில் அந்தக் குடோனில்தான் பயிற்சி செய்யும். விமல் பேஸ் கிடார் வாசிப்பான். பகலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடையில் நிறுத்துப் பொட்டலம் கட்டுகிற வேலை. எட்வின் கிடார், செல்போன் கடை வைத்திருக்கிறான், ரெக்கார்டிங் வேலையும் அவன் பொறுப்பு. சிவரஞ்சனி பள்ளிக்கூடத்து டீச்சர். பாட்டு எழுதுவதும் பாடுவதும் அவள். சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை, சொந்தப் பாட்டுதான் என்று வைராக்கியமாக இருந்தார்கள். குடோனில் எதிரொலியே கிடையாது, அத்தனையையும் துணிக் கட்டுகள் குடித்துவிடும். "மெட்ராஸ்ல இதுக்குன்னு செவுரு பூரா மெத்தை ஒட்டுதாங்க, நமக்கு ஓசில கெடைச்சிருக்கு" என்று எட்வின் பீற்றிக்கொள்வான்.

குடோனைக் கொடுத்த முதலாளி சீனிச்சாமி இரண்டே நிபந்தனை போட்டார். உள்ளே ஒருவரும் பீடி சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. டீ நேரத்தில் வாசிக்கக் கூடாது. இரவு ஏழு மணிக்கு டீக்காகத் தறிகளை நிறுத்துவார்கள். வியாபாரிகளிடம் போனில் பேச அவருக்கு ஊரிலேயே வாய்த்த அமைதி அது ஒன்றுதான். குழுவும் அந்த நேரத்தில் வாத்தியங்களை வைத்துவிட்டு டீ குடிக்க வந்துவிடும்.

போன வருஷம் டிரம்ஸ் வாசித்த சின்னக்கருப்பன் போலீஸ் வேலைக்குத் தேர்வாகிப் பயிற்சிக்குப் போய்விட்டான். டிரம்ஸ் செட்டு மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. பகல் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் குடோன் வாசலில் நின்று பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பரிபூரணம் ஒருநாள் மெல்ல உள்ளே வந்தாள்.

"செத்த நேரம் உக்காந்து பாக்கட்டுமா தம்பி?" என்று கேட்டாள்.

விமல் மரியாதைக்காகத்தான் சரி என்றான். ஆனால் அவள் உட்கார்ந்து டிரம்ஸ் கம்பைப் பிடித்த சில நாளிலேயே அவன் அசந்து போனான். நான்கு தறியை ஒரே நேரத்தில் பார்க்கிறவளுக்குக் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போவது ஒரு வித்தையே இல்லை. தாளம் இம்மி பிசகவில்லை. மாசம் திரும்புவதற்குள் அவள்தான் டிரம்ஸ் என்று முடிவாகிவிட்டது.

அவளுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பத்து வருஷமாக அவள் சத்தத்துக்குள்தான் வாழ்கிறாள், அந்தச் சத்தம் முழுக்க முதலாளியுடையது. டிரம்ஸில் எழுந்த சத்தம் அவளுடையது. சோறு வடிக்கும்போதுகூடக் கரண்டியால் சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் முத்துராமலிங்கம் முதலில் முறைத்தார், பிறகு சட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

வினை வன்னியம்பட்டியில் வந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வாசிக்கப் போனார்கள். பரிபூரணம் வாசித்தாள் பாருங்கள், பாட்டு தலைதெறிக்க ஓடியது. மெல்ல அசைந்து போக வேண்டிய பாட்டைச் சிவரஞ்சனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள்போல் பாடி முடித்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சனங்கள் குத்துப்பாட்டு என்று நினைத்து ஆடித் தீர்த்தார்கள். விமலுக்கு முகம் சுண்டிவிட்டது.

மேடைப் பயம் என்றார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடோனில் ரெக்கார்டிங் வைத்தபோதும் அதே கூத்து. ஞாயிறு தறி ஓடாது, வெளிச்சத்தம் பாட்டில் விழாது என்றுதான் அந்தக் கிழமையை வைத்தார்கள். அங்கே மேடை ஏது, கூட்டம் ஏது? ஆனாலும் ஓடினாள். எட்வின் அவள் காதில் ஹெட்போன் மாட்டி, டிக் டிக் என்று கம்ப்யூட்டர் தாளம் கொடுத்துப் பார்த்தான். "இது என்னைய அதட்டுதுப்பா" என்று கழற்றி வைத்துவிட்டாள். ஒருத்தர் எலுமிச்சம்பழ ஜூஸ் குடிக்கச் சொன்னார், ஒருத்தர் கயிறு கட்டச் சொன்னார். ஜூஸும் குடித்தாள், கயிறும் கட்டினாள். ஞாயிறு ஆனால் பாட்டு ஓடியது, மற்ற நாளில் கிண்ணென்று நின்றது. பேய் பிடித்திருந்தாலும் இப்படிக் கிழமை பார்த்தா வேலை செய்யும்?

பேய் இல்லை. முதலாளி ஒரு கல்யாணத்துக்காக மகாராஜபுரம் போயிருந்த அன்று அது என்னவென்று தெரிந்தது. அவர்தான் ஊரில் இல்லையே என்று குழு டீ நேரத்திலும் நிறுத்தாமல் வாசித்தது. பாட்டு பாதியில் இருக்கும்போது ஏழு மணி ஆயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியாக, குடோன் சுவரை ஒட்டியே நிற்கும் ஏழாம் நம்பர் தறியும் நின்றது. அடுத்த நொடி பரிபூரணத்தின் கை பிய்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

எல்லாரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்தச் சுவரைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"ஏக்கா, நீங்க தறியக் கேட்டுல்லா வாசிச்சிருக்கீங்க இம்புட்டு நாளும்" என்றான் எட்வின்.

அவளுக்கே அது அப்போதுதான் தெரியும். டிரம்ஸ் கற்றது இந்தக் குடோனில், தறி ஓடும் நேரத்தில். ஏழாம் நம்பர் தறி தாளம் போட்டது, அவள் அதன் மேல் வாசித்தாள். தறிச் சத்தம் இல்லாமல் அவள் வாசிக்கக் கற்றதே கிடையாது.

விமல் கெட்டவன் இல்லை. நாள் முழுக்கப் பால்கோவா நிறுத்துக் களைத்தாலும் பயிற்சிக்கு ஒருநாள் தவறாதவன். முதல் பாட்டு வெளிவர வேண்டும் என்று தவமாய்த் தவம் கிடந்தவன். அதனால் தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துல அடுத்த வாரம் நம்ம புரோகிராம் இருக்குக்கா. லைட் மியூசிக் பண்ணுத கூட்டாளிட்ட ரிதம் மெசின் கேட்டிருக்கேன், என் கால் பக்கத்துல வச்சிருப்பேன். அங்கயும் ஓடிட்டீங்கன்னா மெசினப் போட்டுருவேன். பொறவு ரெக்கார்டிங்கும் மெசின்தான். நீங்க கோவிச்சுக்கிடக் கூடாது."

பரிபூரணம் கம்பை டிரம்ஸ் மேல் வைத்தாள். கோபித்துக்கொள்ள வழி இருந்தாலாவது தேவலை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. "சரிப்பா" என்றாள். வீட்டுக்குப் போய்க் கரண்டியால் தட்டாமல் சமைத்தாள். முத்துராமலிங்கம் சட்டியைத் தானே பழைய இடத்தில் நகர்த்தி வைத்துப் பார்த்தார். அப்போதும் அவள் தட்டவில்லை.

எட்வின்தான் வழி கண்டுபிடித்தான். ஏழாம் நம்பர் தறிக்குப் பக்கத்தில் நின்று அதன் சத்தத்தைப் பரிபூரணத்தின் போனிலேயே பதிந்து கொடுத்தான். அதைக் காதில் மாட்டிக்கொண்டு அந்த ஞாயிறு வாசித்துப் பார்த்தாள். ஆஹா, மலைபோல் அசையாமல் நின்றது தாளம். சிவரஞ்சனி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். விமல்கூடச் சிரித்தான். ஆனாலும் மெசினை எடுத்து வராமல் இருக்க மாட்டேன் என்றுவிட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடியைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபம். இளைஞர் மன்றத்துக்காரர்கள் நடத்திய இசை மாலை. நாற்காலிகள் முக்கால்வாசி நிரம்பியிருந்தன. பரிபூரணத்தின் ஷெட்டில் வேலை பார்க்கும் பெண்கள் மாரிக்கனி தலைமையில் முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள். அவர்களை லோடு வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார் முத்துராமலிங்கம்.

முதல் பாட்டு அருமையாகப் போனது. இரண்டாவதும் அப்படித்தான். காதுக்குள் ஏழாம் நம்பர் தறி ஓடிக்கொண்டிருந்தது, அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். இனி யார் வந்தாலும் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது.

மூன்றாவது பாட்டின் நடுவில் தறி பட்டென்று நின்றது. அதற்குப் பதில் காதுக்குள் குயில் கூவியது. அது அவளுடைய போன் மணி. கூப்பிடுவது யார் என்று எட்டிப் பார்த்தாள். சாட்சாத் முத்துராமலிங்கம்தான். மண்டபத்துக்கு எந்த வாசல் என்று தெரியாமல் போன் போட்டிருக்கிறார். மேடை ஏறும்முன் போனை யாரும் கூப்பிட முடியாதபடி செய்து வைக்க வேண்டும் என்று பாட்டுக் குழுவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. செல்போன் கடை வைத்திருக்கிறவனுக்குக்கூடத் தோன்றவில்லை, என்னத்தைச் சொல்ல.

இரண்டு கையிலும் கம்பு. போனை எப்படி நிறுத்துவாள்? குயில் விடாமல் கூவியது. பாட்டு கைமீறி ஓடத் தொடங்கியது. விமல் திரும்பிப் பார்த்தான். அவன் கால் மெசின் பெட்டியின் மேல் போய் நின்றது.

பரிபூரணம் அதைப் பார்த்தாள். அவன் அமுக்குவதற்குள் தானே வாசிப்பதை நிறுத்திவிட்டாள். மற்றவர்களும் நிறுத்தினார்கள். அவள் காதில் இருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து வந்து சிவரஞ்சனி கையிலிருந்து மைக்கை வாங்கினாள். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தாள். மைக் பிடித்துப் பழக்கம் இல்லை.

"எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. நான் பேண்டேஜ் ஷெட்டுல தறி பாக்குறவ. தறிச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு வாசிக்க வரும். அத போன்ல பதிஞ்சு காதுல மாட்டியிருந்தேன். எங்க வீட்டுக்காரரு வாசல் எங்க இருக்குன்னு கேட்டு போன் போட்டுட்டாரு."

அந்த நேரம் பார்த்து மேடைக்குப் பக்கவாட்டில் இருந்த கதவு திறந்தது. காதில் போனை வைத்தபடி முத்துராமலிங்கம் உள்ளே வந்து நின்றார். மண்டபமே குலுங்கிச் சிரித்தது. மனுஷன் என்ன ஏதென்று தெரியாமல் தானும் சிரித்து வைத்தார்.

பரிபூரணத்துக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கூச்சம் போய்விட்டது. "இங்க தறி வேலை பாக்குறவங்க எத்தன பேரு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

முன்வரிசை முழுக்கக் கை தூக்கியது. நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் தூக்கினார்கள். பின்னால் இரண்டு கிழவர்கள் எழுந்தே நின்றார்கள்.

"நம்ம தறி எப்படி ஓடும்னு கால்ல தட்டிக் காட்டுங்க. நான் வாசிக்கேன்."

மாரிக்கனிதான் முதலில் தட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால், தறிக்கு முன்னால் நிற்கிற தோரணையோடு தட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு நடு வரிசை, பிறகு அந்தக் கிழவர்கள். கூட்டம் தாளம் போட்டால் போகப்போக வேகம் கூடிவிடும் என்று பாட்டுக்காரர்கள் சொல்வார்கள். அது மற்ற கூட்டத்துக்கு. எட்டு மணி நேரம் தறியோடு நின்று பழகிய கால் எதற்கும் அவசரப்படாது. பரிபூரணம் ஓடிப்போய் உட்கார்ந்தாள். தாளத்தை ஒருமுறை கேட்டாள், கம்பை ஓங்கினாள்.

பாட்டு தொடங்கியபோது மண்டபத் தரை அதிர்ந்தது. சிவரஞ்சனி அசைந்து அசைந்து, அவசரமே இல்லாமல், எழுதியபோது நினைத்த மாதிரியே பாடினாள். பரிபூரணத்துக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. பக்கத்தில் விமலைப் பார்த்தாள். அவன் கால் மெசின் மேல் இல்லை. தரையில், கூட்டத்தோடு கூட்டமாகத் தட்டிக்கொண்டிருந்தது.

முடிந்த பிறகு கைதட்டல் அடங்கச் செத்த நேரம் பிடித்தது. இளைஞர் மன்றத்துக்காரர்கள் சால்வை போர்த்தினார்கள். தவறிப்போய் ஒரு சால்வையை முத்துராமலிங்கத்துக்கும் போர்த்திவிட்டார்கள், அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேனில் சாமான்களை ஏற்றும்போது விமல் வயரைச் சுற்றிக்கொண்டே அவள் பக்கம் வந்தான். மெசினைக் காலையிலேயே கூட்டாளியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். அவள் வயரின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

"ஏக்கா, அப்ப ரெக்கார்டிங்க ஞாயித்துக்கிழமை வச்சுக்கிடுவோமா?"

"ஞாயித்துக்கிழமை வேண்டாம். தறி ஓடுத அன்னைக்கு வை."

"தறிச் சத்தம் பாட்டுக்குள்ள வந்துருமேக்கா."

"வரட்டும்லே" என்றாள் பரிபூரணம். "இம்புட்டு நாளும் நம்மகூடச் சேந்து வாசிச்சது அதுதான."