அண்ணனுக்குக் காட்டிக்கொடுத்த வேலை

முருகேஸ்வரிக்குத் தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டைப் பக்கம் ஒரு இறால் தீவன ஆலையில் வேலை. புளிக்கவைக்கும் அறை அவள் பொறுப்பு. சோயாப் புண்ணாக்கை அளவாக நனைத்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்துப் பிசறி, காற்றுப் புகாத பைகளில் கட்டிவைப்பாள். நன்றாகப் புளித்ததும் அதைக் காயவைத்துத் தீவனத்தில் சேர்ப்பார்கள். கடலில் சின்ன மீன்வரத்து குறைந்து மீன்மாவு கிடைப்பதே பெரும்பாடாகிவிட்ட பிறகு, ஆலை நம்பியிருந்தது இதைத்தான்.

அவள் அண்ணன் வன்னியபெருமாள் வேம்பாரில் உப்பளத்தை ஒட்டிக் குத்தகைக்குக் குட்டை எடுத்து இறால் வளர்த்தான். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். அவள் சொன்னாள் என்பதற்காகவே மீன்மாவுத் தீவனத்தை விட்டுவிட்டு அந்த ஆலைத் தீவனத்துக்கு மாறினான். முதல் தடவை இறால் நன்றாகத் திரண்டு வந்தது. பிடிக்கிற அன்று குட்டையிலிருந்தே போன் பண்ணினான்.

"ஏளா, ஒவ்வொண்ணும் என்னா வளர்த்தி! நீ வந்து பாக்கணும்."

அதோடு அவனுக்கு ஓர் ஆசை வந்தது. புண்ணாக்கைத் தானே புளிக்கவைத்தால் என்ன? முருகேஸ்வரி தயங்கினாள். ஆலையில் சூட்டையும் ஈரத்தையும் பார்க்கக் கருவி உண்டு. அண்ணனிடம் இருப்பதோ ஓலைக் கொட்டகை. ஆனால் அண்ணன் அவளிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், கூடவே இருந்து செய்து காட்டினாள்.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கொட்டகை ஒழுகியது. அவள் வேலையில் இருக்கும்போது அண்ணன் கூப்பிட்டான்.

"சில பையில மேலாக்க கறுத்திருக்குளா. அத வழிச்சு எறிஞ்சிட்டு மிச்சத்தப் போடலாமா?"

மிக்ஸர் இரைச்சலில் அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "போடுண்ணே, ஒண்ணும் செய்யாது" என்றாள்.

சில நாளிலேயே இறால் தீனி எடுப்பதை நிறுத்தியது. பிறகு செத்து மிதந்தது. அவள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, வன்னியபெருமாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கூடை கூடையாக அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தான்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த ஜெப்ஸி தண்ணீரையும் தீவனத்தையும் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நோய்க்கிருமி எதுவும் இல்லக்கா. மழத்தண்ணி எறங்கி உப்பு ரொம்பக் கொறஞ்சிருக்கு. தீவனத்துல பூஞ்சை நஞ்சும் இருக்கு. எதுனால செத்துச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

"நாந்தாண்ணே போடச் சொன்னேன்" என்றாள் முருகேஸ்வரி.

"மழ பெஞ்சா நீ என்ன செய்வ? போ, போய்ச் சாப்புடு."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். அவன் திட்டவே இல்லை. குட்டையைத் திருப்பிக் கொடுத்தான். தை பிறந்து அவள் பொங்கலுக்கு அரிசி கொண்டுபோனபோது அண்ணன் வீட்டில் மதினி தங்கத்தாய் மட்டும்தான் இருந்தாள்.

"ஒங்கண்ணன் மங்களூர்ப் பக்கம் மீன்மாவுக் கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டாவ. ஒங்கிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டாவ" என்றாள் மதினி. கொண்டுவந்த அரிசியை வாங்கி உள்ளே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

வேறு பிரிவுக்கு மாற்றித் தரும்படி முருகேஸ்வரி மேனேஜரிடம் கேட்டாள். புளிப்பறைக்கு வேறு ஆள் கிடையாது என்று சொல்லிவிட்டார். தினமும் அதே பைகளைப் பிரிக்கிறாள். கெடுதல் இல்லாத வெள்ளைப் பூப்பைக் கண்டாலும் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.

வாரம் ஒருமுறை அண்ணனுக்குப் போன் போடுவாள். முன்பெல்லாம் எடுத்ததும் ஆலையில் என்ன நடக்கிறது என்றுதான் கேட்பான். இப்போது சாப்பிட்டாயா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கேட்கிறான்.

"எப்பண்ணே வருவ?"

"பாப்பம்."

அதற்கப்புறம் அவன்தான் முதலில் போனை வைப்பான்.