உறுமிக்கு நடுவில் கேட்கிற வாக்கி டாக்கி

வாக்கி டாக்கி வாடகைக்கு விடுகிற தொழிலில் பத்து நாள் இருந்தால் போதும், மனிதர்கள் எல்லாருக்கும் பேசத்தான் ஆசை, கேட்க ஒருத்தருக்கும் பொறுமை இல்லை என்பது தெரிந்துவிடும். நான் பத்து நாளைத் தாண்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் ஈப்போவில் ஒரு டாக்சி கம்பெனியில் மைக் முன்னால் உட்கார்ந்து, "எந்த வண்டி ஸ்டேஷன் பக்கம் இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியிலேயே டாக்சி கூப்பிடுகிற காலம் வந்ததும் கம்பெனியை மூடிவிட்டார்கள். முதலாளி போகும்போது கொடுத்த பழைய செட்டுகள் எட்டை வைத்துக்கொண்டு ஜெலாப்பாங்கில் கடை திறந்தேன். இப்போது கோயில் திருவிழா, சைக்கிள் ஓட்டம், பள்ளி விளையாட்டுப் போட்டி என்று என் செட்டுகள் பேராக் மாநிலம் முழுக்கச் சுற்றுகின்றன.

விழாக் கமிட்டியில் இருந்து தொண்டை கட்டியவர்கள், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று "என்னது? என்னது?" என்று கத்தியவர்கள் எல்லாரும் எனக்கு உறவுதான். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு நடுவில் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்ற நேரங்களும் உண்டு. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பெட்டியில் போட்ட கிலோமீட்டர்

கடைக்கு வருகிறவர்களின் முதல் கேள்வி, "எத்தன கிலோமீட்டர் போகும்?" ஆரம்பத்தில் நானும் பெட்டியைப் பார்த்துத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆயர் தாவாரில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு சைக்கிள் ஓட்டம் வைத்தார்கள். பெட்டியில் பத்து கிலோமீட்டர் என்று போட்டிருந்த செட்டுகளைக் கொடுத்து அனுப்பினேன், நானும் போனேன். செம்பனை தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்கிற மரம், சிக்னலையும் சேர்த்துக் குடித்துவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாவது வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. அங்கே யாராவது விழுந்து அடிபட்டால் ஆம்புலன்சுக்குச் சொல்ல வழியே இல்லை.

செம்பனைப் பழம் ஏற்றுகிற லோரி ஓட்டும் ஒருவர் நான் கையைப் பிசைவதைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டவர், லோரியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தி, அதன் கூரைமேல் ஏறி, ஒரு செட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். காலை முழுக்க வெயிலில் நின்று, அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கத்துக்கு வார்த்தை மாறாமல் சொன்னார். சைக்கிள் ஓட்டியவர்களில் ஒருவருக்கும் அவர் யாரென்று தெரியாது. இறங்கி வந்ததும் குளிர்ந்த தண்ணீர் கொடுத்துக் கும்பிட்டேன். அவர் செட்டு வந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுச் சொன்னார்: "இதுல போட்டிருக்க தூரம் கடல்ல போறவனுக்கு லா. நமக்கு இல்ல, அக்கா."

நாற்பதடி

குணசேகரன் அண்ணன் கடைக்கு வந்தபோது நான் அதே கிலோமீட்டர் பாடத்தை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்துக் கோயிலுக்கு அவர் செயலாளர். தோட்டமே இப்போது இல்லை, ஆட்கள் ஈப்போவிலும் பினாங்கிலும் வேலை பார்க்கிறார்கள். திருவிழாவுக்கு மட்டும் அத்தனை பேரும் வந்து, ரதத்தைக் கயிறு கட்டிக் கையால் இழுப்பார்கள். கோயில் மேட்டில் இருக்கிறது. இறக்கத்தில் ரதம் வேகம் பிடித்தால், முன்னால் நிற்கிறவர் துண்டை ஆட்டுவார், பின்னால் வருகிற இரண்டு பேர் சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்துவார்கள்.

இடது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் அங்கமுத்து அண்ணன். ரப்பர் ஆலை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று இரண்டு காதும் போய்விட்டது. கண்ணால் துண்டைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமும் போட்டார். போன வருஷம் யாரோ பிடித்த பெரிய குடை துண்டை மறைத்துவிட்டது. கட்டை தாமதமாக விழுந்து, கயிறு இழுத்த சரவணனின் கால் சக்கரத்தில் மாட்டி, அவன் மூன்று மாதம் மாவுக்கட்டோடு கிடந்தான். காது கேட்காதவரை எடுத்துவிட்டு, இயர்பீஸ் மாட்டிய ஆளை வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. இந்த வருஷமும் யாருக்காவது அடிபட்டால் கயிற்றையே கழற்றிவிட்டு ரதத்தை லோரியில் கட்டப்போகிறார்களாம்.

சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கியது. நான் பத்து கிலோமீட்டர் செட்டை மெதுவாக உள்ளே எடுத்து வைத்தேன். அவர் சொன்னார்: "தூரமே வேணாம் தங்கச்சி. முன்னுக்குச் சொன்னா பின்னுக்குத் தெரியணும், நாப்பதடிதான். அங்கமுத்து அண்ணனுக்கும் தெரியணும்."

உறுமிக்காரர்கள் வைத்த பரீட்சை

எந்தச் செட்டு என்று கடையில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்கிற காரியமா இது? நாலு வகையை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கோயிலுக்கே போனேன். உறுமி மேளக் குழு ஒன்று பழகிக்கொண்டிருந்தது. என்னைச் சுற்றி நின்று அடிக்கச் சொன்னேன். மூன்றாவது நிமிஷம் என் மூக்குக் கண்ணாடி தானாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. குழுவில் ஐந்தாம் படிவம் படிக்கிற, பதினேழு வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒல்லி உடம்பு. ஆனால் அவள் கை ஒரு மணி நேரம் ஓயவில்லை. பரீட்சை வைக்க வந்த நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாட் கூடின செட்டு தூரம்தான் போனது, சத்தத்தை ஜெயிக்கவில்லை. தோளில் மாட்டுகிற ஸ்பீக்கர் காதுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தும் ஊமையாக இருந்தது. காதை அடைக்கிற ரப்பர் மூடி போட்ட இயர்பீஸ் மட்டும் கேட்டது. அதுவும் பேசுகிறவர் மைக்கை இரண்டு விரல் தள்ளிப் பிடித்துச் சாதாரணமாகப் பேசினால்தான். குணசேகரன் அண்ணனோ கத்தியே பழகியவர். அவர் கத்தினால் தகரத்தைச் சுரண்டுகிற சத்தம்தான் வந்தது. கடைசியில், இறக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக அடிக்க முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் சொன்னாள்: "சாமிக்கே கேக்கணும்னுதான் அக்கா அடிக்கிறோம். உங்க ரேடியோவுக்காகக் கொறைக்க முடியுமா?"

அக்குளில் ஒரு செட்டு

நாலாவது வகை, அழைப்பு வந்தால் சத்தம் போடாமல் நடுங்குகிற செட்டு. அங்கமுத்து அண்ணனுக்காகவே கொண்டுபோனது. இடுப்பில் மாட்டிவிட்டு, உறுமியை அடிக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். உறுமியே வயிற்றில் ஆடுகிறதாம், எது ரேடியோ எது மேளம் என்று பிரிக்க முடியவில்லையாம். மணிக்கட்டில் கட்டினோம், கட்டையைத் தூக்கினால் கனத்தில் கையே நடுங்கியதில் செட்டின் நடுக்கம் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சரவணன், "இவரு வேணாம்னு நான் அப்பவே சொன்னேன் லா" என்று முணுமுணுத்தான். சக்கரத்தில் மாட்டிய கால் அவனுடையது, அவனைக் குறை சொல்ல முடியாது.

அங்கமுத்து அண்ணன் செட்டை என் கையிலிருந்து வாங்கினார். சட்டையைக் கழற்றி, அதை அக்குளில் வைத்து, சிவப்புத் துணியால் தோளோடு இறுக்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் தூணுக்குப் பின்னால் போய் அழுத்தினேன், கட்டை தரையில் விழுந்தது. ஏமாற்றுவதற்காக விட்டு விட்டு, நேரம் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை அழுத்தினேன். பத்துத் தடவையும் விழுந்தது. நான் அழுத்தாதபோது ஒரு தடவைகூட விழவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை. இத்தனை வருஷம் காதால் கேட்டே பிழைத்தவள் நான், உடம்பால் கேட்கிற ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உதட்டைப் பார்த்து அவர் புரிந்துகொள்வார் என்பதால் முன்னால் போய் நின்று கேட்டேன், "இவ்வளவு சத்தத்துல எப்படிண்ணே?" அவர் ஊருக்கே கேட்கிற குரலில் சிரித்துக்கொண்டு சொன்னார்: "சத்தமா? அது உங்களுக்குத்தானே இருக்கு!"

சந்தனப் பொட்டு

கமிட்டி அரை மனதாகச் சம்மதித்தது. இந்த ஒரு வருஷம் பார்ப்பது, தவறினால் அங்கமுத்து அண்ணன் கட்டையைக் கீழே வைத்துவிட வேண்டும். ரதத்துக்கு முன்னால் நடக்கிற குணசேகரன் அண்ணன் கையில் இரண்டு செட்டு. ஒன்று எல்லாரிடமும் பேச, ஒன்றாம் சேனலில். சிவப்பு டேப் ஒட்டிய மற்றது அங்கமுத்து அண்ணனுக்கு மட்டும். அதில் பேச்சே கிடையாது, அழுத்தினால் கட்டை விழ வேண்டும். வலது சக்கரத்துக் கட்டையைச் சரவணனே கேட்டு வாங்கிக்கொண்டான், காதில் இயர்பீஸோடு.

திருவிழாவுக்கு முதல் நாளே செட்டுகளைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் போய்ச் சோதித்தால், எல்லாரும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. பேட்டரி சரி, சேனல் சரி. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. புது சாமான் என்று சாமி காலடியில் வைத்துப் பூசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள். மைக்குக்கு இருக்கிற ஒரே ஓட்டை மேல். அது காய்ந்து சிமெண்டாகிவிட்டது. ஊக்கைக் கழற்றிப் பதினாறு செட்டையும் குத்திக் குத்திச் சுத்தம் செய்தேன். குருக்கள் வருத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நடு நெத்தியில வைக்கணும்னு பாத்தேம்மா. அதுக்கு நெத்தி அங்கதான இருக்கு."

அப்பளமும் சிவப்பு டேப்பும்

பிற்பகல் மூன்று மணிக்கு ரதம் இறக்கத்துக்கு வந்தது. உறுமி, நாதஸ்வரம், ஜெனரேட்டர், கூட்டத்தின் கோஷம். நான் பின்னால் மேட்டு ஓரத்தில், இரண்டு சக்கரமும் முன்பக்கமும் தெரிகிற இடத்தில் காதில் இயர்பீஸோடு நடந்தேன். அன்னதானக்காரர்களுக்கு மூன்றாம் சேனல் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர்கள் ராசியான எண் என்று ஒன்றாம் சேனலுக்கு மாற்றிக்கொண்டது எனக்குத் தெரியாது.

பாதி இறக்கத்தில் கயிறு பிடித்து வந்த ஒரு அம்மா கால் இடறிச் சக்கரத்துக்கு நேரே விழுந்தார். குணசேகரன் அண்ணன் வாய் அசைவது தூரத்தில் தெரிந்தது. ஆனால் என் காதில் வந்தது, "அப்பளம் பத்தல, இன்னும் ரெண்டு கட்டு அனுப்புங்க, அப்பளம் பத்தல..." ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் அந்தச் சேனலில் இன்னொருவர் பேச முடியாது. சரவணன் காதிலும் அதே அப்பளம்தான். அவன் கட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தான்.

குணசேகரன் அண்ணன் இன்னொரு கையில் இருந்த சிவப்பு டேப் செட்டை அழுத்தியிருக்கிறார். அங்கமுத்து அண்ணனுக்கு முன்னால் ரதமும் கூட்டமும்தான், விழுந்த அம்மாவை அவர் பார்க்கவே இல்லை. அவர் கை மட்டும் இறங்கியது. கட்டை இடது சக்கரத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தது. ரதம் முனகிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்புவதைப் பார்த்துத்தான் சரவணன் தன் கட்டையைப் போட்டான். அந்த அம்மாவின் கொண்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அவர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, மறுபடியும் கயிற்றைப் பிடித்தார்.

ரதம் கோயிலுக்குத் திரும்பிய பிறகு சரவணன் நேராக அங்கமுத்து அண்ணனிடம் போய், குனிந்து அவர் காலைத் தொட்டான். அவர் பதறிப்போய் அவனைத் தூக்கிவிட்டார். பிறகு சரவணன் தன் காதிலிருந்த இயர்பீஸைப் பிடுங்கி என் கையில் வைத்தான். அவன் சொன்னது: "அடுத்த வருஷம் எனக்கும் அண்ணன் கட்டியிருக்கிற அதே செட்டுதான் அக்கா. அப்பளம் கேக்காத செட்டு."

நெரிசலுக்கு நல்ல செட்டு எது என்று இப்போது யார் கேட்டாலும், பேசவே முடியாத செட்டு ஒன்று இருக்கிறது என்று சொல்லிப் பாதி வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு ஜெலாப்பாங்கில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன்.