கொழும்புக் கப்பலில் ஆம்பூர் வாடை

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தோலுக்கு ஒரு வாடை உண்டென்பதை, அந்த வாடைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த நான், பத்து வயதில் நடுக்கடலில்தான் அறிந்தேன்.

ஆம்பூரில் எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த தோல் பதனிடும் "ஷாப்பில்" தோல்களைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது அப்பாவின் வேலை. சிறுவயது முதலே கப்பலேறும் ஆசை கொண்டிருந்த அவர், எவரும் பெயர் கேட்டிராத புதிய கப்பல் கம்பெனியொன்றின் விளம்பரத்தைப் பத்திரிகையில் கண்டு, கோடை விடுமுறைக்குக் கொழும்பு போய்வர எங்கள் மூவருக்கும் சீட்டு வாங்கிவிட்டார். எதிர்வீட்டு அத்தைக்கு அது விளங்கவே இல்லை. "பொழைக்கப் போறவங்க கப்பலேறுவாங்க, சும்மா பார்த்துட்டு வர்றதுக்கு இன்னாத்துக்குக் கப்பலு? அதுவும் பேர் தெரியாத கம்பெனி! பேஜாராய்டும்" என்று அம்மாவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்.

காலையில் சென்னைத் துறைமுகத்தை விட்டுச் சிறிது தூரம் போவதற்குள் அம்மா படுத்துவிட்டார். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. "சாயங்காலம் புதுச்சேரியில எறங்கி ரயிலேறிடலாங்க" என்று முனகினார். ஆயுள்கால ஆசை ஒரே பகலில் முடியப்போவதை உணர்ந்த அப்பா, அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

நானோ, கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்ற ஒரே கேள்வியோடு மேல்தளத்தைச் சுற்றிவந்தேன். பின்பக்கத்தில் சரக்கறையின் மூடி காற்றுக்காகச் சற்றுத் திறந்திருந்தது. அதனருகே வந்தவர்கள் எல்லாரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்பக்கம் ஓடினர். "இன்னாய்யா நாத்தம்! செத்த மாட்டையா ஏத்தியிருக்கான்?" என்றார் ஒருவர். எனக்கு நாற்றமே தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்பது போலிருந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே தோல் கட்டுகள். மேற்கட்டில் அப்பாவின் ஷாப் முத்திரை.

ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து, அந்த மூடியருகே பாய் விரித்து உட்காரவைத்தார். அம்மா கண்களை மூடி மூச்சை நன்றாக இழுத்தார். சற்று நேரம் கழித்து, "அந்த எலுமிச்சஞ்சோத்த எடுங்க" என்றார்.

கரை தெரிந்தபோது அப்பா வேண்டுமென்றே கேட்டார்: "புதுச்சேரி வருது. எறங்கலாமா?"

"எறங்கறவங்க எறங்கட்டும். நான் கொழும்பு பார்க்கணும்."

கொழும்பு வரையிலும் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்தியவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். கப்பலின் பின்பகுதி முழுவதும் எங்களுக்கே கிடைத்தது.

அந்தக் கம்பெனியின் பெயர் இப்போது பத்திரிகைகளில் வருவதில்லை. சென்னையில் விடுதியில் தங்கி இலக்கியம் படிக்கும் நான், சென்ற விடுமுறைக்கு ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும், என் கை என்னைக் கேளாமலே கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோயிற்று. எதிரே வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, நீயும் அந்தப் பக்கம் போய்ட்டியா?" என்று சிரித்தார்.

கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தேன். வீடு போய்ச் சேரும்வரை வாடை தெரிந்துகொண்டே இருந்தது.