கை எடுத்தாச்சு

இது சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் அப்படிச் சிரித்த மேதாவிதான். பேய் ராத்திரிதான் வரும் என்று உளறுபவர்களுக்கு ஒரு தகவல்: அன்று பட்டப்பகல்.

மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி நிலத்தடி நீர் பார்ப்பது என் தொழில். நடுவில் மெஷினோடு நான். இரண்டு பக்கமும் தூரத்தில் ஆளுக்கொரு இரும்புக் கம்பியை மண்ணில் அடிப்பார்கள். அடித்ததும் "கை எடுத்தாச்சு!" என்று கத்த வேண்டும். பிறகுதான் பட்டனை அழுத்துவேன். நானூறு வோல்ட். கம்பியில் கை இருந்தால் ஆள் காலி. ஒவ்வொரு ரீடிங்குக்கும் கம்பியைப் பிடுங்கி, இன்னும் தள்ளி அடிக்க வேண்டும்.

மேற்கே டிரைவர். கிழக்கே, புதர் மறைவில், என் தங்கை புருஷன். சுத்த தண்டச்சோறு. அவள் அழுதாளே என்றுதான் கூட்டி வந்தேன். ஒரு கம்பி அடிக்கக் கால் மணி நேரம் எடுப்பான்.

12.10. டங்... டங்... ஐந்து அடி. "கை எடுத்தாச்சு!" பரவாயில்லையே, துரைக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டதே!

12.25. மூன்றே அடி. "கை எடுத்தாச்சு!"

"மாப்ளே, நல்லா இறங்குச்சா?"

பதில் இல்லை. திமிர் என்று நினைத்தேன்.

12.40. ஒரே ஒரு அடி. "கை எடுத்தாச்சு!"

12.47. அடிச் சத்தமே இல்லை.

"கை எடுத்தாச்சு!"

அவன் குரல்தான். ஆனால்... ரொம்பப் பக்கத்தில் கேட்டது.

சோம்பேறிப் பயல், ஏமாற்றுகிறான். எரிச்சலில் அழுத்தினேன்.

அலறல்.

ஓடினேன். தங்கைக்கு என்ன பதில் சொல்வேன்?

மல்லாந்து கிடந்தான். உள்ளங்கை இரண்டும் கருகியிருந்தன. மூச்சு... இருந்தது.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் 5.30க்குக் கண் திறந்தான்.

"ஏன் மச்சான் இப்படிப் பண்ணீங்க?"

"நீதானடா கை எடுத்தாச்சுன்னு கத்துன!"

"நான் வாயே திறக்கலையே... நீங்கதான என் பின்னால வந்து நின்னு, 'அடிக்காத, குத்தி வச்சு ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடி'ன்னு சொன்னீங்க?"

நான் மெஷினை விட்டு நகரவே இல்லை.

மறுநாள் நிலத்துக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மகான் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"போன வருஷம் மெஷின் கொண்டு வந்தவரும் அச்சு அசலா இதையேதான் சொன்னாரு சார். அவரோட தம்பி பிழைக்கல. அதுவும் கிழக்குக் கம்பிதான்... அது கிடக்கட்டும், தண்ணி எத்தனை அடியில இருக்கு?"