மூன்றாவது பொன்னாடை

வெஸ்ட்மின்ஸ்டரில் நாடாளுமன்ற வாசல். மழைத் தூறலில் வரிசை நகர மறுக்கிறது. எனக்கு முன்னால் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு பொன்னாடையை நனையாமல் கோட்டுக்குள் பொத்தி வைத்திருக்கிறார். கிளாஸ்கோவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தாராம். தடுப்பு முகாமில் இருக்கும் அவருடைய தம்பியை நாளை நாடுகடத்துகிறார்கள்.

“பொன்னாடை யாருக்கு?”

“எங்கட ஸ்கொட்லாந்துக்காரருக்கு. கவுன்சிலரா இருக்கேக்க எங்கட குசினியில இருந்து தேத்தண்ணி குடிச்சவர். அப்ப ஒண்டு போர்த்தினாங்கள். எடின்பரோ பார்லிமெண்டுக்குப் போகேக்க இன்னொண்டு. இப்ப இங்க மந்திரி. அவர் சொன்னா நிப்பாட்டுவினம்.”

“நேரே தம்பி விஷயத்தையே சொல்லலாமே?”

“புதுப் பதவியெல்லோ? வெறுங்கையோட எப்பிடிக் கேக்கிறது?”

மந்திரி நடைபாதையில் வேகமாக வருகிறார். பொன்னாடையைக் கண்டதும் தானாகவே கழுத்தைத் தாழ்த்திக் கொடுக்கிறார். “வணக்கம்” என்கிறார், சுத்தமான தமிழில். உதவியாளர் படம் எடுக்கிறார்.

“சேர், என்ர தம்பி…”

அதற்குள் கதவு மந்திரியை விழுங்கிவிடுகிறது. கண்ணாடிக்கு அப்பால் பொன்னாடை உதவியாளரின் கைக்கு மாறுகிறது.

“ஆள் மறக்கேல்லை, பாத்தனீங்களே?” என்று என்னிடம் சிரிக்கிறார் யாழ்ப்பாணத்துக்காரர்.

தம்பியின் பெயரை அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.