முகப்பை மறைத்த மாலை

வேலேந்திய பெருமானின் திருவடி முன்நிற்க. இன்று விசயதசமி நன்னாள்.

பேரன் எஞ்சினை முடுக்கியதும், காரின் முகப்பை மறைத்துச் சாத்தியிருந்த சாமந்தி மாலை சூட்டில் வதங்கி மணந்தது. அந்த வாசனையில் என் ஒன்பதாம் வயதின் விசயதசமி மீண்டது.

அன்று ஆயிர் ஈத்தாம் மலைப்பாதையின் ஏற்றத்தில் கோயிலுக்கு அப்பா காரோட்டினார். அருகில் யாழ்ப்பாணத்து அண்டைவீட்டார், எழுத்தர் பொன்னையா. பின்னால் கைக்குழந்தையோடு அம்மாவும் நானும்.

“நாலு சிலிண்டர் காணாது. இதுக்கு ஆறு வேணும், பாருங்கோ,” என்றார் பொன்னையா.

“கியரே மாத்தாம ஏத்திக் காட்டறேன் அண்ணே!” என்றார் அப்பா.

எஞ்சின் திணறியது. “மாலை காத்தை அடைக்குது, எடுத்துடுங்க,” என்றாள் அம்மா.

“பூசை மாலை. சன்னிதி வரைக்கும் கைவைக்கக் கூடாது,” என்றார் அப்பா.

அடுத்த வளைவில் ரேடியேட்டர் கொதித்து ஆவி சீறியது, எஞ்சின் நின்றது. பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பள்ளத்தை நோக்கிப் பின்னால் உருண்டது. மனனம் செய்த பதிகமெல்லாம் மறந்து, ‘முருகா’ என்ற ஒரு சொல்லே என் நாவில் எஞ்சியது. பொன்னையா குதித்திறங்கி, பாதையோரக் கல்லைச் சக்கரத்தின் பின்னே தள்ளினார். வண்டி நின்றது.

அம்மா இறங்கி மாலையைக் கழற்றினாள். “முருகன் கோவிச்சுக்க மாட்டான். எஞ்சின்தான் கோவிக்குது.”

கல்லைத் தள்ளிய கையை வேட்டியில் துடைத்தபடி பொன்னையா சொன்னார்: “ஆறு சிலிண்டரெண்டாலும் இப்பிடி மூக்கைப் பொத்தினால் நிண்டிருக்கும், தம்பி.”

எஞ்சின் ஆறியதும் அப்பா முதல் கியரைப் போட்டார்.

“டர்போ வண்டி தாத்தா, ஒண்ணும் ஆகாதுலா,” என்று இன்று இந்தக் கதையைக் கேட்ட பேரன் சிரித்தான். நானே மாலையைக் கழற்றி, காருக்குள் இருந்த வேலின் படத்துக்குச் சாத்தினேன்.

இதை வாசிப்போர் ஏறும் வழியெல்லாம் அவ்வேல் காக்க; யாவரும் சுகமாய்ச் சென்று மீள்க.