சோலார் பேனலில் உபயம்

பக்தவச்சலம் ஐயாவுக்கு அறுபது வயது நிறைந்ததற்காக ஒரு மலர் போடுகிறார்கள். டைப் அடிக்கிற வேலை என் கடைக்கு வந்திருக்கிறது. திருவொற்றியூர் பக்கம் டோல்கேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் சௌக்கத் அலி, ஊருக்கெல்லாம் பாய். மலரின் எட்டாம் பக்கத்தில் ‘ஆப்பிரிக்காவுக்கு ஒளி தந்த வள்ளல்’ என்று ஒரு கட்டுரை. அதை அடித்து முடிப்பதற்குள் எனக்கு வாயெல்லாம் கசந்துவிட்டது. அந்த ஒளி போய்ச் சேர்ந்த லட்சணம் தெரிந்தவர்கள் இந்த ஊரில் மூன்றே பேர். அதில் ஒருவன் பீம்ராவ். கட்டுரையில் அவன் பெயர் இல்லை, ‘மற்றும் பலர்’ என்பதற்குள் அவனையும் அடைத்துவிட்டார்கள். அதனால் நிஜமாக நடந்ததை இந்தத் தாளில் நான் கூலி வாங்காமல் அடிக்கிறேன். பக்தவச்சலம் என்பது அவருடைய நிஜப் பெயர் இல்லை, மாற்றியிருக்கிறேன். தன் பெயர் இல்லாத தாளை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார் என்பதால் எனக்குப் பயமும் இல்லை.

பீம்ராவ் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா பச்சையம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். அவர்கள் பிளாக்கில் ஒரு வழக்கம் இருந்தது. பத்தாவது படிக்கிறவன் எட்டாவதுக்குச் சொல்லித் தர வேண்டும், எட்டாவது ஐந்தாவதுக்குச் சொல்லித் தர வேண்டும். மாடிப்படிச் சுவரில் சதுரமாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அதுதான் போர்டு. பீஸ் கிடையாது. வராதவனை வீட்டுக்கே போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வருவார்கள். கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்ட பீம்ராவை மூன்றாவது தடவை கரையேற்றியது அந்த மாடிப்படிதான். அதற்கப்புறம் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தான். எண்ணூர்ப் பக்கம் காண்ட்ராக்ட் வேலையில் ஒன்பது வருஷம் ஓட்டினான். ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிற ஷாலுவைக் கல்யாணம் செய்துகொண்டான். இதுவரைக்கும் மலரில் போடுகிற மாதிரி ஒன்றும் இல்லைதான்.

முப்பத்தோரு வயதில் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக்குப் போனான். அங்கே ஒரு சர்க்கரை ஆலையில் மூன்று வருஷத்துக்கு வெல்டர் வேலை. கூடப் போனவர்கள் ஊருக்கு எத்தனை இஞ்ச் டிவி கொண்டுபோகலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, இவன் ஆலைக்குப் பக்கத்தில் சிக்கோண்டே என்ற கிராமத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அங்கே எட்டாவது முடிவில் அரசாங்கப் பரீட்சை. தேறினால் மேல்படிப்பு. தேறாவிட்டால் பையன் கரும்பு வெட்டப் போவான், பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவிடுவார்கள். பகலெல்லாம் பள்ளிக்கூடம், தண்ணீர், தோட்டவேலை என்று பிள்ளைகளுக்குப் போய்விடும். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், கரண்ட் கிடையாது. படிப்பு எங்கே ஏறும்? பீம்ராவ் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு சதுரம் கறுப்படித்தான். ஆலையிலிருந்து ஒரு சார்ஜ் விளக்கைக் கேட்டு வாங்கி வந்து, எட்டாவது ஐந்தாவதுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று வியாசர்பாடி சட்டத்தை அங்கே போட்டான். பண்டா என்கிற வாத்தியார் அவனோடு சேர்ந்துகொண்டார்.

ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்த பிறகும் அவன் விடவில்லை. பிளாக்கில் ஆறு பேரைச் சேர்த்து ‘சிக்கோண்டே கல்வி உதவிக் குழு’ என்று தொடங்கினான். லெட்டர்பேடு அடித்துக் கொடுத்தவன் நான். நோட்டுப் புத்தகம், ஜியோமெட்ரி பாக்ஸ், பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குச் செருப்பு, இவ்வளவுதான் அவர்களால் முடிந்தது. அதற்கே கடையில் நின்று டீ குடிக்கிற அத்தனை பேரும் அவனைக் கேட்டார்கள்: “இன்னா மாமு, இங்க இல்லாத ஏழையா? ஆப்பிரிக்காவுக்குப் போய்க் குடுக்கணுமா?” கேட்டவர்கள் இங்கே இருக்கிற எந்த ஏழைக்கும் ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அந்த சார்ஜ் விளக்கு உயிரை விட்டது. எட்டாவதில் அப்போது பதினோரு பிள்ளைகள். அதில் தோக்கோ என்று ஒரு பெண், பதினாலு வயது, கணக்கில் புலி. தேறாவிட்டால் கல்யாணம் என்று அவள் மாமன் முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டான். மே மாதம் பரீட்சை. “வெளக்கு வந்துரும், படிச்சிக்கினே இருங்க” என்று பீம்ராவ் போனில் அந்தப் பதினோரு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டான். கொடுத்தபோது அவன் கையில் ஒரு பல்பு கூட இல்லை.

அப்போதுதான் பக்தவச்சலம் உள்ளே வந்தார். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு வைத்திருக்கிறவர். சோலார் பேனல் எட்டு, பேட்டரி, விளக்கு எல்லாம் தன் செலவு, கப்பலில் அனுப்புவதும் தன் பொறுப்பு என்றார். மாதாமாதம் போட்டோ வந்தால் இன்னொரு வாத்தியாருக்குச் சம்பளமும் தருவேன் என்றார். பீம்ராவுக்குத் தலைகால் புரியவில்லை.

நம் ஆட்களின் உபயப் பைத்தியத்தை நான் விளக்கத் தேவையில்லை. கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்தால் அதில் முக்கால்வாசி வெளிச்சத்தை நம் பெயர் மறைத்துவிடும், மீதி வெளிச்சத்தில் சாமி தன்னைத் தானே தேடிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் பள்ளிவாசலில் ஒரு சீலிங் ஃபேனின் மூன்று இறக்கையிலும் ஒரே ஆளின் பெயர் இருக்கிறது. ஓடும்போது படிக்க முடியவில்லையே என்று அவர் இமாமிடம் குறைப்பட்டுக்கொண்டாராம். இதில் ஜாதி மத பேதமெல்லாம் நமக்குக் கிடையாது.

திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்தார்கள். எண்ணூரில் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலை முடிந்து, பூட்ஸைக் கூடக் கழற்றாமல் பீம்ராவ் வந்து சேர்ந்தான். மேடையில் எட்டு பேனலும் சாமந்தி மாலையோடு வரிசையாகச் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும், கண்ணாடியின் மேல், ஒரு சாண் உயர மஞ்சள் எழுத்தில்: ‘உபயம்: தொழிலதிபர், கொடைவள்ளல் ஜி. பக்தவச்சலம் குடும்பத்தார், திருவொற்றியூர், சென்னை-19.’ எட்டாவது பேனலில் பேரனின் போட்டோ வேறு. மலாவியில் யாராவது தபால் எழுத நினைத்தால் பின்கோடு தேடி அலையக்கூடாது பாருங்கள்.

பீம்ராவ் மேடைக்குப் பக்கத்தில் போய்ப் பணிவாகத்தான் கேட்டான். “சார், கண்ணாடி மேல எயுதிட்டா வெயிலு எப்டி சார் உள்ள போவும்? ஓரத்துல அலுமினியப் பட்டி கீது, அதுல எயுதலாமே.”

“ஓரத்துல எயுதுனா எவன் கண்ணுக்குத் தெரியும் தம்பி? ஆப்பிரிக்காவுல வெயிலுக்கா பஞ்சம்?” என்றார் பக்தவச்சலம். முன்வரிசை சிரித்தது. நானும் அந்த வரிசையில்தான் இருந்தேன். அந்த எழுத்துக்கான ஸ்டென்சிலை வெட்டிக் கொடுத்ததே நான்தான். எதற்கு என்று கேட்கவில்லை. அளவு மட்டும் கேட்டேன்.

வாத்தியார் சம்பளம் போய்விடுமே என்று பீம்ராவ் வாயை மூடிக்கொண்டான். கொஞ்சம் வெளிச்சம் குறைந்தாலும் இல்லாததற்கு மேல் என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

ஜனவரியில் பேனல்கள் போய்ச் சேர்ந்தன. ‘விளக்கு மிகவும் நன்றாக இருக்கிறது. கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக’ என்று பண்டா வாத்தியாரிடமிருந்து செய்தி வந்தது. பிப்ரவரியிலும் அதே வாசகம். பக்தவச்சலத்துக்கு மாதாமாதம் போட்டோவும் வந்தது. மார்ச்சில் பீம்ராவ் என் கடையிலிருந்து போன் போட்டு, கணக்கில் எந்தப் பாடம் நடக்கிறது என்று கேட்டான். இன்னும் இரண்டாவது பாடம் என்றார் வாத்தியார். விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று கேட்டபோது, மரியாதைக்காக அவர் கொஞ்ச நேரம் சுற்றி வளைத்தார். கடைசியில் சொன்னார்: அரை மணி நேரம். அதற்குப் பிறகு பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், ஒப்பிப்பதற்கு வெளிச்சம் வேண்டியதில்லையே.

போனை வைத்துவிட்டு பீம்ராவ் என் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். “பேனல்ல ஒரு கட்டம் மறஞ்சா அந்த வரிசையே படுத்துக்கும் பாய். எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே வாய மூடிக்கினேன். பரிச்சைக்கு ரெண்டே மாசந்தான் கீது.”

பெயின்ட்டைச் சுரண்டிவிடச் சொன்னால், சிக்கோண்டே ஊர்த் தலைவர் மறுத்துவிட்டார். கொடுத்தவன் பெயரை அழிப்பது அவன் முகத்தில் துப்புவது போல என்றார். பீம்ராவ் பக்தவச்சலத்திடமே போனான். நானும் கூடப் போனேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, “அயிச்சிட்டா நான் குடுத்ததுக்கு இன்னா சாட்சி?” என்றார். பேர் தெரியாத போட்டோ வந்தால் அந்த மாதமே வாத்தியார் சம்பளம் நிற்கும் என்றும் சொல்லி, எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். நன்றாகத்தான் இருந்தது மோர்.

வழி சொன்னது ஷாலு. “அவுருக்கு இன்னா வோணும், வெளிச்சமா, போட்டோவா? போட்டோதானே. ரெண்டு வருசத்துக்கு உண்டானத ஒரே நாள்ல எடுத்து வெச்சிக்கச் சொல்லு. அப்பால சுரண்டிக்கட்டும்” என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை.

மீதி இருந்தது ஊர்த் தலைவர். பீம்ராவ் யோசித்து ஒரு புளுகைச் சொல்ல, நான் இங்கிலீஷில் அடித்து அனுப்பினேன். “எயுது பாய். எங்க ஊர்ல பேரு எயுதறது கடவுள் படிக்கறதுக்கு. ரெண்டு மாசமா மேல பாத்துக்கினு கீது, அவுரு படிச்சி முடிச்சிருப்பாரு. இனிமே அயிக்கலாம், தப்பில்ல.” தலைவருக்கு அது நியாயமாகப் பட்டது. பண்டா வாத்தியார்தான், சர்ச்சுக்குப் போகிற மனுஷர், மாதாமாதம் பழைய போட்டோ அனுப்புவது பொய் இல்லையா என்று திருப்பிக் கேட்டார். “பொய்தான்னு எயுது. ஆனா என் பொய்யி, அவுரு பொய்யி இல்லன்னு எயுது” என்றான் பீம்ராவ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்த கையோடு, சிக்கோண்டே பிள்ளைகள் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இருபத்து நாலு போட்டோவுக்கு நின்றார்கள். எழுத்து தெரியும்படி பேனலைப் பின்னால் வைத்து, மாமரத்தடியில் சில, கூரையில் சில, வகுப்பு வாசலில் சில. மறுநாள் பிளேடும் மண்ணெண்ணெயும் வைத்துப் பெயின்ட்டைச் சுரண்டினார்கள். அன்றைக்கு விளக்கு நாலு மணி நேரம் எரிந்தது. பண்டா வாத்தியார் இந்தத் தடவை கடவுளைக் கூப்பிடவில்லை, ‘நாலு மணி நேரம்’ என்று மட்டும் அனுப்பினார்.

பதினோரு பேர் பரீட்சை எழுதினார்கள், ஏழு பேர் தேறினார்கள். தோக்கோ அரசாங்க விடுதியோடு மேல்பள்ளிக்குப் போய்விட்டாள். தேறாத நாலு பேரில் இரண்டு பையன்கள் கரும்பு வெட்டுகிறார்கள். ஒரு பெண் பண்டா வாத்தியாரின் வகுப்பில் திரும்பவும் எட்டாவது படித்தாள். இன்னொருத்திக்கு ஜூலையிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. அவள் பெயர் மெரினா. அந்த ஏழு பேரைப் பற்றி யார் பேசினாலும் பீம்ராவ் வேலைக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிடுவான். “மெரினாவுக்கு மூணு மார்க்கு பாய். ஜனவரி, பிப்ரவரி கரெக்டா எரிஞ்சிருந்தா மூணு மார்க்கு வராதா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டான். வந்திருக்கும். அந்த மூன்று மார்க்கை ஒரு சாண் உயர மஞ்சள் எழுத்து தின்றுவிட்டது. அந்த எழுத்தை வெட்டிய கத்தி என் மேஜையில் இன்னும் கிடக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. பக்தவச்சலத்துக்கு இல்லை. அவருக்கு விஷயமே தெரியாது.

மாதம் ஒரு போட்டோ என்று நான்தான் அவருக்கு அனுப்பிக்கொண்டு வந்தேன். எல்லாப் போட்டோவிலும் முன்வரிசையில் ஒரே சின்னப் பெண், முன்பல் இரண்டும் விழுந்தவள். இரண்டு வருஷமாக அவளுக்குப் பல் முளைக்கவில்லை, ஒரு விரற்கடை உயரவில்லை. மாமரத்தில் அதே இடத்தில் அதே மாங்காய் தொங்குகிறது. தேறி வெளியூர் போய்விட்ட தோக்கோ மாதம் தவறாமல் வந்து நின்று சிரிக்கிறாள். பக்தவச்சலம் அதில் ஒன்றைப் பெரிதாக்கி ஆபீஸில் மாட்டி வைத்திருக்கிறார். ஒரு பிள்ளையின் பெயரை இதுவரை கேட்டதில்லை.

போன மாதத்தோடு இருபத்து நாலும் தீர்ந்துவிட்டது. வாத்தியார் சம்பளம் நின்றுவிடுமே என்று நான் பதறிப்போய் பீம்ராவுக்குப் போன் போட்டேன். அவன் வெல்டிங் கண்ணாடியைக் கூடக் கழற்றியிருக்க மாட்டான். “மொதல்லேந்து திருப்பி அனுப்பு பாய்” என்றான்.

“கண்டுபுடிச்சிட்டா?”

“அவுரு பசங்களப் பாத்தாத்தானே கண்டுபுடிக்க.”

இந்த மாதம் முதல் தேதி, முதல் போட்டோவையே மறுபடி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. “அருமை பாய். ரெண்டு வருச வெயில்லயும் எயுத்து மங்கவே இல்ல பாத்தியா? பெயின்ட்டு எந்தக் கம்பெனின்னு விசாரிச்சு வை.”